7சி-யிலிருந்து எங்கே போவது? ட்ரம்பெட் மவுத்பீஸ் மாற்ற நினைப்பவர்களுக்கு

கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து விடிகாலை மூன்று மணிக்கு வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் சபை பேண்டில் இரண்டாம் ட்ரம்பெட் வாசிக்கும் பையன் போன் வெளிச்சத்தை முகத்துக்கு நேரே பிடித்து மேலுதட்டைக் காட்டினான். உதடு வைத்து ஊதுகிற மவுத்பீஸின் உள்விளிம்பு பதிந்த இடம் பிறை மாதிரி சிவந்து, நடுவில் லேசாக வீங்கியிருந்தது. "மாஸ்டர், ஒன்றரை சி வாங்கலாம்னு இருக்கேன். டவுன் பேண்ட் அண்ணன் அதைத்தான் வச்சிருக்காங்க. வாங்கட்டுமா?" என்று கேட்டான். ஒன்றரை சி, 7சி என்பதெல்லாம் மவுத்பீஸின் அளவுப் பெயர்கள். அவன் கையில் இருப்பது ட்ரம்பெட்டோடு பெட்டியிலேயே வந்த 7சி.

இரண்டு மூன்று வருஷம் வாசித்த பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் இதே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். பெரியவர்களும் கேட்கிறார்கள். வேனில் வைத்து ஒரே வரியில் சொல்லிவிடுகிற பதில் இல்லை என்பதால் அவனிடம் "பொங்கல் கழித்து வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னேன். அன்று அவனுக்குச் சொன்னதையும், அவனோடு சேர்ந்து ஊதிப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மவுத்பீஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். உதட்டில் படுகிற வளையம் ரிம். அதற்குள்ளே இருக்கும் கிண்ணம் கப். கிண்ணத்தின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை த்ரோட். பாக் கம்பெனி மவுத்பீஸ்களில் அது வழக்கமாக 27-ஆம் நம்பர் ட்ரில் அளவு, அதாவது 3.66 மில்லிமீட்டர். அந்த ஓட்டைக்குப் பின்னால் குழாய் மெல்ல விரிந்துகொண்டே போகும், அது பேக்போர். ட்ரம்பெட்டுக்குள் செருகுகிற வெளிப்பக்கத் தண்டு ஷாங்க். இந்த ஐந்தில் எதை மாற்றினாலும் ஏதோ ஒன்று மாறும். ஆனால் வாசிப்பவருக்கு முக்கியமானவை இரண்டுதான். ரிம் உங்கள் வாய்க்குப் பொருந்த வேண்டும், கப் நீங்கள் செய்கிற வேலைக்குப் பொருந்த வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தப்பாக வாங்குகிறார்கள். உதடு வலிக்கிறது என்று ஆழம் குறைந்த கப் வாங்குவார்கள், சத்தம் மெலிசாக இருக்கிறது என்று அகலமான ரிம் வாங்குவார்கள். இரண்டு காசும் வீண்.

இனி எண்கள். பாக் கம்பெனியை ஆரம்பித்த வின்சென்ட் பாக் 1890-இல் ஆஸ்திரியாவில் பிறந்தவர். இன்ஜினியரிங் படித்தவர், நல்ல ட்ரம்பெட் கலைஞரும்கூட. 1918-இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் செய்ய ஆரம்பித்தார். அவர் வைத்த எண்முறைதான் இன்றைக்கும் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. எண் குறையக் குறைய கிண்ணத்தின் அகலம், அதாவது ரிம்மின் உள்விட்டம் கூடும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து கப்பின் ஆழம். எழுத்தில் ஏ என்றால் மிக ஆழம், அங்கிருந்து பி, சி, டி, ஈ என்று போகப் போக ஆழம் குறையும். சி நடுத்தரம்.

கம்பெனி பட்டியலில் உள்ள உள்விட்டங்களைக் கவனியுங்கள். 7சி 16.20 மில்லிமீட்டர். 5சி 16.25. 3சி 16.30. ஒன்றரை சி 17.00. பெயரை மட்டும் பார்த்தால் ஏழிலிருந்து மூன்றுக்குப் போவது பெரிய தாவல் போலவும், மூன்றிலிருந்து ஒன்றரைக்குப் போவது ஒரு சின்ன அடி போலவும் தெரியும். உண்மை தலைகீழ். 7சி-க்கும் 3சி-க்கும் இடையில் இருப்பது 0.10 மில்லிமீட்டர், ஒரு ஜெராக்ஸ் பேப்பரின் கனம். 3சி-க்கும் ஒன்றரை சி-க்கும் இடையில் 0.70, அதைப் போல ஏழு மடங்கு. அந்தப் பையன் "இரண்டு படி ஏறலாம்" என்று நினைத்து மாடிக்கே தாவப் பார்த்தான்.

அப்படியென்றால் ஒரு பேப்பர் கனத்துக்காகவா 3சி வாங்குவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 7சி-யையும் 3சி-யையும் மாறி மாறி வாயில் வைத்தால் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியும். அந்த வித்தியாசம் விட்டத்தில் மட்டும் இல்லை. ரிம்மின் மேடு எந்த இடத்தில் இருக்கிறது, உள்விளிம்பு கத்தி மாதிரி இறங்குகிறதா, உருண்டு இறங்குகிறதா, கிண்ணத்தின் சுவர் எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. இவை எதுவும் அந்த எண்ணில் எழுதப்படவில்லை. போதாக்குறைக்கு, பழைய 7சி ஒன்றையும் புது 7சி ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஊதினால் அவையே வேறு மாதிரி இருக்கும். அதனால் எண்ணை வைத்துத் தேர்வைச் சுருக்கலாம், கடைசி முடிவை உதடுதான் எடுக்க வேண்டும்.

யமஹா பக்கம் போனால் எல்லாம் மாறிவிடும். அவர்கள் சிகாகோவைச் சேர்ந்த ரெனால்ட் ஷில்கியின் முறையைப் பின்பற்றுகிறார்கள். ஷில்கி சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் ட்ரம்பெட் வாசித்தவர், யமஹாவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். இந்த முறையில் எண் கூடக் கூட அகலம் கூடும். எழுத்தும் எதிர்த்திசை: ஏ என்றால் ஆழம் மிகக் குறைவு, ஈ என்றால் மிக ஆழம். எழுத்துக்குப் பின்னால் வரும் எண் ரிம்மின் வடிவத்தைக் குறிக்கும். 1 என்றால் உருண்டை, 5 என்றால் தட்டை. புது யமஹா மாணவர் ட்ரம்பெட்டோடு வருகிற 11பி4-ஐ இப்படிப் படிக்கலாம்: அகலம் 11, ஆழம் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் குறைவு, ரிம் ஓரளவு தட்டை. எங்களோடு வாசித்த ஒருவர் பாக் முறையை மனதில் வைத்துக்கொண்டு, நல்ல ஆழமான கப் வேண்டும் என்று யமஹாவில் ஏ எழுத்து போட்டதை ஆர்டர் செய்துவிட்டார். வந்தது கிட்டத்தட்ட சாஸர். பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற மெதுவான பாட்டு ஒன்றுகூட அதில் எடுபடவில்லை.

மில்லிமீட்டரை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுவதும் ஆபத்து. யமஹா 11-இன் விட்டம் 16.46 என்று போட்டிருக்கும். அதை நம்பினால் அது பாக் 3சி-யைவிட அகலம். ஆனால் வாயில் வைத்தால் 7சி-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். உள்விளிம்பு வளைந்து இறங்குவதால் அளவுகோலை எந்த ஆழத்தில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்தில் அளக்கிறது. நடைமுறையில் 11பி4, 11சி4 ஆகியவை 7சி-க்கு உறவு. 14பி4 என்பது 3சி-க்குப் பக்கம். 16சி4 என்பது ஒன்றரை சி-க்குப் பக்கம். இது தோராயமான உறவுதான், இரட்டைப் பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

7சி-யிலேயே இருப்பதும் ஒரு தேர்வு. அதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் "மாணவர் மவுத்பீஸ்" என்ற பெயர் விழுந்துவிட்டதால் அதை வைத்திருப்பதே கௌரவக் குறைச்சல் போல ஆகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும், ஊத ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகாதவர்களுக்கும் இதைவிட்டு மாறுவதில் லாபம் இல்லை. உதட்டுத் தசை இன்னும் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ரிம்மை மாற்றினால் தேடலை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளைகளும் கம்பி கழற்றும் வரை பொறுத்திருப்பதே நல்லது. கம்பி கழன்றதும் வாயே வேறு வாய் ஆகிவிடும், இப்போது வாங்குவது அப்போது பொருந்தாது.

7சி-யின் உள்விளிம்பு கொஞ்சம் கூர்மை. அதனால் நாக்கால் தட்டும்போது ஒவ்வொரு சுரமும் தெளிவாகப் பிரியும். ஆனால் அழுத்தி ஊதினால் அதே விளிம்பு வெட்டும். பையனின் உதட்டில் இருந்த பிறை அப்படி வந்ததுதான். அவனை ஊதச் சொல்லிவிட்டு அவன் இடது கையைக் கவனித்தேன். நோட்டேஷனின் ஐந்து கோடுகளான ஸ்டாஃபுக்குள் சுரம் இருக்கும்வரை விரல்கள் தளர்வாக இருந்தன. மேலே ஜி சுரத்தைத் தாண்டியதும் முட்டி வெளுக்க இழுத்துப் பிடித்தான். ட்ரம்பெட் உதட்டுக்குள் போய்ப் புதைந்தது. இதற்கு எந்த மவுத்பீஸும் மருந்தாகாது. அகலமானதை வாங்கினால் தழும்பு கொஞ்சம் வெளியே தள்ளி விழும், அவ்வளவுதான். மவுத்பீஸைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு வாரம் இடது கையைக் கவனியுங்கள். அந்த ஒரு வாரத்தில் பாதிப் பேருக்கு வாங்கும் தேவையே போய்விடும்.

அடுத்து 5சி. இதை ஏனோ யாரும் அதிகம் கேட்டு வாங்குவதில்லை, கடைகளிலும் 7-க்கும் 3-க்கும் நடுவில் மறந்துபோன பிள்ளை மாதிரி இருக்கும். விட்டத்தில் 7சி-யிலிருந்து மிகச் சின்ன மாற்றம். என் உதட்டுக்கு அதன் ரிம் 7சி-யைவிட மெத்தென்று உட்காருகிறது. சத்தம் கொஞ்சம் திறக்கும், மேல் சுரங்கள் பெரிதாகக் குறையாது. ஏழிலிருந்து நகர வேண்டும், ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் கருவியைத் தொட முடியும் என்கிற வேலைக்குப் போகிற ஆட்களுக்கு இது நல்ல இடம்.

3சி-தான் நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது. கீர்த்தனையோ ஞானப்பாட்டோ நான்கு குரலில் வாசிக்கும்போது இரண்டாம் ட்ரம்பெட்டின் வேலை கீழ் சி சுரத்திலிருந்து நடு ஸ்டாஃப் வரைக்கும்தான். அந்த இடத்தில் 3சி கொடுக்கிற வட்டமான சத்தம் 7சி-யில் வருவதில்லை. கீழ்க் குரல் பித்தளைக் கருவியான யூபோனியத்தோடு சேரும்போது ஒட்டிக்கொள்ளும், கிளாரினெட்டை அமுக்காது. முதல் ட்ரம்பெட்டுக்கும் ஸ்டாஃபுக்கு மேலே ஏ, பி ஃப்ளாட் வரை போக இது தடையாக இல்லை. பட்டியலில் நடுவில் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சபையில் காலை ஆராதனை, சாயங்காலம் கல்யாண ஊர்வலம், நடுவில் ஒரு அடக்க ஆராதனை என்று ஒரே நாளில் மூன்று விதமாக வாசிக்க வேண்டியிருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு, ஒரே மவுத்பீஸில் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும் என்றால் இதுதான் கைகொடுக்கிறது. யமஹாவிலேயே பழகியவர்களுக்கு 14பி4 இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் பிரகாசம் கூடுதலாக இருக்கும்.

ஒன்றரை சி-யின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. அமைதியான அறையில் உட்கார்ந்து ஒரு நீளமான ஜி ஊதினால் சத்தம் அறையை நிறைக்கும். முதல் பத்து நிமிஷம் "இத்தனை நாள் எங்கே இருந்தாய்" என்று தோன்றும். உலக ஆர்கெஸ்ட்ராக்களில் பெரிய அளவுகள் பரவியதற்கு ஒரு பெரிய காரணம் அடால்ஃப் ஹெர்செத். 1948 முதல் 2001 வரை சிகாகோ சிம்பொனியின் முதல் ட்ரம்பெட்டாக இருந்தவர். 1952-இல் கார் விபத்தில் உதடும் பல்லும் அடிபட்ட பிறகு பெரிய அளவு மவுத்பீஸுக்குப் போனார் என்பது ட்ரம்பெட் உலகில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் சத்தத்தைக் கேட்டவர்கள் அவர் மவுத்பீஸையும் தேடிப் போனார்கள். ஆனால் அவர் மேடையில் வாசித்த விதத்தை யோசியுங்கள். ஒரு சிம்பொனியில் ட்ரம்பெட்டுக்கு நிறைய ஓய்வு உண்டு. எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்து, எழுந்து வாசித்து, மறுபடி உட்காரலாம். நம் ஊர்வலத்தில் எண்ணிக்கொண்டு உட்கார இடமே கிடையாது. தெருமுனை வரை ஒரு பாட்டு, திரும்பியதும் அடுத்த பாட்டு, நடந்துகொண்டே ஊத வேண்டும், மூச்சு ஏற்கனவே பாதி செலவாகியிருக்கும். 17 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் அவ்வளவு சதையையும் மூன்று மணி நேரம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க தினமும் ஒரு மணி நேரமாவது சாதகம் வேண்டும். அது உள்ளவர்கள், ஆர்கெஸ்ட்ரா அல்லது பிராஸ் குவிண்டெட் (ஐந்து பித்தளைக் கருவிகளின் குழு) வாசிக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். வின்சென்ட் பாக்கே தாங்க முடிகிற அளவுக்குப் பெரிய விட்டத்தைத்தான் பரிந்துரைத்தார். அதில் "தாங்க முடிகிற" என்பதுதான் கனமான வார்த்தை. டவுன் பேண்ட் அண்ணன் தினமும் இரண்டு வேளை ஊதுகிறவர், அவருக்கு அது சரி.

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஆழம் குறைந்த மவுத்பீஸ்கள் இருக்கின்றன. ஷில்கி 14ஏ4ஏ இந்த வகையில் பேர்போனது. ரிம் அகலமாகவே இருக்கும், கப் மட்டும் மேலோட்டம், பேக்போரும் இறுக்கம். லைட் மியூசிக் கச்சேரியில் மைக் இல்லாமலே எடுபடும் பளீர் சத்தம் இதில் வரும். மேல் சுரத்தில் களைப்பு கொஞ்சம் தாமதமாக வரும். புதிய சுரத்தை அது கண்டுபிடித்துக் கொடுக்காது. இன்று உங்களால் மேல் சி எடுக்க முடியவில்லை என்றால் இந்த மவுத்பீஸிலும் எடுக்க முடியாது, முடிகிறவர் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கலாம். மேல் சுரத்துக்கே பேர் வாங்கிய கனடாக்காரர் மேனார்ட் ஃபெர்குசன் 1960-களின் கடைசியில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலி பள்ளியில் வந்து தங்கியிருந்தார். தன் ஊதலுக்கு யோகா மூச்சுப் பயிற்சி உதவியதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். மூச்சுதான் முதல், கப் அப்புறம்.

ஆழம் குறைந்த கப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. உதடு கொஞ்சம் தடித்தவர்களுக்கு, சத்தத்தைக் கூட்டும்போது உதடு கிண்ணத்தின் அடியையே தொட்டுவிடும். சத்தம் வளர்ந்துகொண்டே வந்து பட்டென்று குழாயை அடைத்த மாதிரி நின்றால் அதுதான் காரணம். சுருதியும் சற்று மேலே ஏறும், ஆர்கனோடோ கீபோர்டோடோ வாசிக்கிற இடத்தில் இது உடனே காதில் குத்தும். ஆகவே இதை இரண்டாவது மவுத்பீஸாக மட்டும் வாங்குங்கள், அதுவும் உங்கள் வழக்கமான ரிம்முக்கு மிக நெருக்கமான ரிம் உள்ளதாகப் பார்த்து.

தடித்த உதட்டுக்குப் பெரிய மவுத்பீஸ், மெல்லிய உதட்டுக்குச் சின்னது என்று பழைய மாஸ்டர்கள் சொல்வதை நானும் கேட்டு வளர்ந்தேன். ஆனால் பேண்டில் பார்த்ததில் அது பலருக்குச் சரியாக வரவில்லை. வெளியே தெரிகிற சிவந்த பாகத்தைவிட, உள்ளே முன்பற்கள் எப்படி வரிசையாக இருக்கின்றன என்பதும், வாய் மூடும்போது எந்த இடத்தில் உதடு சேர்கிறது என்பதும்தான் ரிம்மைத் தீர்மானிக்கின்றன. ஒரு முன்பல் சற்று முன்னால் நிற்கிறவர்களுக்குத் தட்டையான, வளையம் தடித்த ரிம் ஆறுதலாக இருக்கும், பாரம் பரவும். அதற்கு விலையாக ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வேகம் குறையும். உருண்டை ரிம்மில் அந்த வேகம் கிடைக்கும், ஆனால் பாரம் ஒரே கோட்டில் விழும்.

ட்ரம்பெட்டின் குட்டையான உறவுக் கருவியான கார்னெட் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் பழைய சபைகள் பலவற்றில் அலமாரிக்குள் கார்னெட் இருக்கும். அதன் மவுத்பீஸின் ஷாங்க் ட்ரம்பெட்டினதைவிட மெலிது. ட்ரம்பெட் மவுத்பீஸ் அதில் ஒழுங்காக உட்காராது, கார்னெட் மவுத்பீஸ் ட்ரம்பெட்டில் ஆடும். பிளம்பர் டேப் சுற்றிச் செருகி வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள், சுருதியும் போகும் சத்தமும் போகும். கார்னெட்டுக்கு அதற்கே உரிய ஆழமான, புனல் போன்ற கப் வேண்டும். லண்டன் சிம்பொனியில் ட்ராம்போன் வாசித்த டெனிஸ் விக் உருவாக்கியவற்றில் 4, 4பி இரண்டும் பிராஸ் பேண்ட் கார்னெட்காரர்களிடம் அதிகம் இருப்பவை. 4 ஆழம், இருண்ட சத்தம். 4பி அதைவிடக் கொஞ்சம் ஆழம் குறைவு, பழக எளிது. இன்னொன்று, மிகப் பழைய கார்னெட் சுருதிக் குழாயை எவ்வளவு இழுத்தும் கீபோர்டுக்கு மேலேயே சுருதி நிற்கிறது என்றால் மவுத்பீஸை மாற்றிப் பயனில்லை. 1960-கள் வரை பிரிட்டிஷ் பேண்டுகளும் சால்வேஷன் ஆர்மி பேண்டுகளும் இன்றைய சுருதியைவிட உயர்ந்த சுருதியில் வாசித்தன. அந்தக் காலத்துக் கருவி அப்படித்தான் பேசும்.

இனி ஊதிப் பார்க்கிற விதம். இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன்.

கடையில் ஐந்து நிமிஷம் ஊதி முடிவெடுக்க வேண்டாம். புதிதாக எதை வைத்தாலும் முதல் ஐந்து நிமிஷம் இனிக்கும், உதடு விழித்துக்கொள்வதால். நாயனக்காரர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வாயில் வைத்து ஊதும் நாணல் சீவாளியைக் காய்ந்தபடி வைத்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. வாயில் வைத்து நனைத்து, ஊதி, அழுத்திச் சரிசெய்து, மறுபடி ஊதி, அப்புறம்தான். நாணல் நாளுக்கு நாள் மாறும் என்பதால் அவர்கள் நாலைந்து சீவாளியைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நம்முடையது உலோகம், அது மாறாது. மாறுவது உதடுதான். அதனால் நாம் மாறாத ஒன்றை வைத்துக்கொண்டு உதட்டுக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

பையனுக்கு என்னிடமிருந்த 5சி-யையும் 3சி-யையும் கொடுத்தேன். ஒவ்வொன்றும் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் பழைய 7சி-யைத் தொடக்கூடாது என்று அதை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். தினமும் நான்கு காரியம் செய்யச் சொன்னேன். முதலில் நாக்கைத் தட்டாமல் வெறும் மூச்சால் நடு ஜி-யை மெதுவாக ஆரம்பிப்பது. சத்தம் உடனே வருகிறதா, காற்று சீறிவிட்டு அப்புறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரிம் பொருந்தினால் உடனே வரும். இரண்டாவது, கீழ் சி, ஜி, ஸ்டாஃபுக்குள் இருக்கும் அடுத்த சி என்று வால்வைத் தொடாமல் வழுக்கி ஏறி இறங்குவது. மூன்றாவது, கடைசிக் கீழ் எஃப் ஷார்ப் வரை இறங்கி அங்கே சத்தம் கெடுகிறதா என்று கேட்பது. நான்காவதுதான் முக்கியம். மற்ற எல்லாம் வாசித்து உதடு களைத்த பிறகு, எல்லோருக்கும் தெரிந்த மெதுவான பாட்டு ஒன்றை, மிக மென்மையாக, முழுவதும் வாசிப்பது. களைத்த உதட்டால் மென்மையாக வாசிக்க முடிந்தால் அந்த ரிம் உங்களுடையது. களைத்த உதட்டால் பலமாக வாசிப்பதை எந்த மவுத்பீஸிலும் செய்துவிடலாம், கை அழுத்திக் கொடுத்துவிடும்.

போனை மூன்று மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்யுங்கள். வாசிப்பவர் காதில் விழுவது ஒன்று, முன்னால் நிற்பவர் கேட்பது வேறு. ஆழமான கப்பில் "ஆஹா, என்ன கனம்" என்று நமக்குத் தோன்றும், பதிவில் மந்தமாக இருக்கும். ஆழம் குறைந்ததில் நமக்குக் கீச்சென்று கேட்பது எதிரில் தெளிவாகப் போய்ச் சேரும். முடிந்தால் எந்தப் பதிவு எந்த மவுத்பீஸ் என்று சொல்லாமல் வேறொருவரிடம் போட்டுக் காட்டுங்கள்.

வாங்கும்போது ஷாங்கைக் கருவியில் மெதுவாகச் செருகிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். துளிகூட ஆடக் கூடாது. அடித்து இறுக்கவும் கூடாது. சிக்கிக்கொண்டால் இடுக்கி போட்டுத் திருகினால் மவுத்பீஸ் செருகும் குழாயான லீட்பைப்பே முறுக்கிக்கொள்ளும், எடுப்பதற்கென்றே புல்லர் இருக்கிறது, அது வைத்திருக்கும் கடைக்காரரிடம் கொடுங்கள். மீரட்டில் செய்து வரும் கருவிகளோடு கிடைக்கும் மவுத்பீஸ்களில் நன்றாக இருப்பதும் உண்டு. கையில் எடுத்துத் தேர்ந்தெடுத்தால் போதும். விரல் நகத்தை உள்விளிம்பில் ஒரு சுற்று ஓட்டினால் எங்காவது தடுக்குகிறதா என்று தெரிந்துவிடும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் த்ரோட் நடுவில் இருக்கிறதா என்பதும் தெரியும். ஆன்லைனில் பெரிய பெயர் பொறித்து மிக மலிவாக வந்த ஒன்றை நான் ஒருமுறை வாங்கினேன். எழுத்து சரியாக இருந்தது, த்ரோட் கோணலாக இருந்தது. பிளாஸ்டிக் மவுத்பீஸ் மலைப்பிரதேசக் குளிருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் நல்லது, சத்தத்தில் கொஞ்சம் ஓரம் மழுங்கும்.

முலாம் விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளி முலாம் தேய்ந்து உள்ளே பித்தளை மஞ்சளாகத் தெரிந்தால் அதை உதட்டில் வைக்கக் கூடாது. பலருக்கு அரிப்பும் கொப்புளமும் வருவது இதனால்தான், அதை அளவு பொருந்தவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். வெள்ளியே ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தங்க முலாம் உண்டு, உதட்டில் கொஞ்சம் வழுக்கலாக இருக்கும். அப்புறம், மவுத்பீஸை ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீர்கள், ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும். வாரம் ஒருமுறை பிரஷ் விட்டுக் கழுவுங்கள். த்ரோட்டில் அழுக்குப் படிந்தாலே 3.66 என்பது 3.66 ஆக இருக்காது.

பிப்ரவரி நடுவில் பையன் இரண்டையும் கொண்டுவந்தான். பதிவுகளைப் போட்டுக் கேட்டோம். 3சி-யில் சத்தம் அழகாக இருந்தது, என் மனதுக்கு அதுதான் பிடித்தது. ஆனால் களைத்த பிறகு வாசித்த பதிவில் நான்காவது அடியில் சுருதி தொங்கியது, எல்லா நாளும் தொங்கியது. 5சி-யில் தொங்கவில்லை. "உனக்கு எது?" என்றேன். "இதுதான் மாஸ்டர், இதை வச்சா மவுத்பீஸ் நினைப்பே வரமாட்டேங்குது" என்று 5சி-யை எடுத்துக்கொண்டான். பிளஸ் டூ படிக்கிற பையன், தினமும் அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். கல்லூரிக்குப் போய் நேரம் கிடைத்தால் மறுபடி 3சி-யை ஊதிப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

ஈஸ்டர் அன்று கல்லறைத் தோட்டத்தில் அதிகாலை நாலரை மணிக்கு வாசித்தான். இருட்டில் அவன் முகம் தெரியவில்லை, இரண்டாம் குரல் மட்டும் கீழே அசையாமல் நின்றது. திரும்பி வரும்போது வேனில் உதட்டைக் காட்டச் சொன்னேன். கோடு இருந்தது, வீக்கம் இல்லை. அவனுடைய பழைய 7சி ஜூனில் சேரப்போகும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு. ரிம்மில் இடதுபக்கம் ஒரு அரிசியளவுக்கு வெள்ளி தேய்ந்திருக்கிறது, முலாம் போடக் கொடுத்திருக்கிறேன்.